குற்றம் செய்தவரோடு பேசும் வேலை: அறிக்கைக்குள் நுழைந்துவிடும் அருவருப்பு

போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தையோடு வேலை செய்கிறவர்களின் மனச்சுமையைப் பற்றி இப்போது கொஞ்சம் பேச்சு எழுந்திருக்கிறது. அதே வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரோடு உட்கார்ந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கூர்நோக்கு இல்லத்து ஆற்றுப்படுத்துநர், நன்னடத்தை அலுவலர், சிறை உளவியலாளர், இலவச சட்ட உதவியில் ஆஜராகும் வக்கீல், முதல்கட்ட மதிப்பீட்டுக்காக, 18 வயது நிறையாதவர்களின் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் அழைக்கும் மனநல மருத்துவர். இவர்களிடம் யாரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை. "அந்த ஆளுக்குப் போய் எதுக்குங்க கவுன்சிலிங்?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "கவர்ன்மென்ட்ல கான்ட்ராக்ட் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் இளம் ஆற்றுப்படுத்துநர்கள் உண்டு. வீட்டில் சொல்ல முடியாத வேலை என்பதே முதல் சுமை.

இந்த வேலையில் மனம் அடிபடும் என்பது புதிய செய்தியல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலே, குழந்தை வன்கொடுமை விவரங்களைத் தொழில் நிமித்தம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்குக் காரணமாகக்கூடிய அனுபவமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் இதைத் தூக்கம், சோர்வு, லீவு என்ற அளவிலேயே பேசுவது போதாது என்று நினைக்கிறோம். தூக்கம் கெடுவதற்கு முன்பே அறிக்கை கெட்டுவிடுகிறது. அருவருப்போ பரிதாபமோ எழுதுகிறவருக்குத் தெரியாமலே ஒரு வரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். 16 வயது நிறைந்த பையன் ஒருவனைப் பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்ற முடிவில் (அதற்கான ஆய்வுதான் முதல்கட்ட மதிப்பீடு) அந்த வரிக்குப் பங்கு உண்டு. அதனால் சொந்த உணர்ச்சியைக் கவனிப்பதும் வேலையின் ஒரு பகுதிதான்.

கோப்பிலிருந்து தொடங்கலாம். அடி பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. ஆளை நேரில் பார்க்கும்போது அவன் வாயடைத்துப்போய், கை நகத்தைப் பிய்த்துக்கொண்டு, சாதாரணமாக இருப்பான். காகிதம் அப்படி இல்லை. குறிப்பாக மாஜிஸ்திரேட் முன் குழந்தை கொடுத்த 164 வாக்குமூலம். 164 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது பிரிவு 183, கோர்ட் வளாகத்தில் எல்லோர் வாயிலும் இன்னும் 164தான். அதில் மனதில் தங்கிவிடுவது நாம் எதிர்பார்க்கிற பயங்கர வரிகள் அல்ல. டிவியில் என்ன சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, டிபன் பாக்ஸில் என்ன மிச்சம் இருந்தது, எந்தக் கலர் கிளிப் போட்டிருந்தாள் என்று குழந்தை தன் வாயால் சொன்ன சில்லறை விவரங்கள் தங்கும். அதே கலர் கிளிப்பைக் கடையில் பார்க்கும்போது வயிறு இறுகும்.

எனவே கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியது: இந்த அறிக்கை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 15 கேட்பது மூன்று விஷயங்கள்தான். செயலைச் செய்வதற்கான உடல், மனத் திறன். அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல். சம்பவம் நடந்த சூழ்நிலை. காயத்தின் நீள அகலம் இவற்றில் எதற்கும் தேவைப்படாது. ஏ.ஆர். காப்பியை (காயங்களைக் குறித்த மருத்துவமனைப் பதிவேட்டின் நகலை) கடைசிவரை படிக்க வேண்டியதில்லை, புகைப்படங்களைப் புரட்டவே வேண்டியதில்லை. தண்டனை பெற்றவருக்கான சிறை ஆற்றுப்படுத்தல் என்றால், தீர்ப்பு நகலில் நீதிபதி சுருக்கியிருக்கும் வழக்கு விவரம் பெரும்பாலும் போதும். எல்லாவற்றையும் படித்தால்தான் நேர்மை என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். தேவைக்கு மேல் படித்த ஒவ்வொரு பக்கமும் கோபமாக மாறி நேர்காணலுக்குள் வருகிறது.

படிக்கும் நேரம் காலை. இடம் ஆபீஸ். மாலைக்கு மேல் இல்லை, பஸ்ஸில் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போவது இல்லவே இல்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் படித்த கோப்பு அந்த மேஜையை விட்டுப் போகாது. டிஜிட்டல் ஆதாரத்தைப் பார்த்தே ஆக வேண்டிய சைபர் பிரிவினருக்கு: ஒலியை அணைத்துவிடுங்கள், படத்தைச் சிறிதாக்குங்கள், கருப்பு வெள்ளையாக்குங்கள், தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். ஒலி தேவைப்பட்டால் படத்தை மூடிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். படமும் சத்தமும் சேர்ந்து வரும்போது ஏறும் சுமை அதிகம். பார்த்து முடித்ததும் கண்ணுக்கும் கைக்கும் வேலை தருகிற ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் செய்வது நல்லது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸின் குழு 2009-இல் வெளியிட்ட சோதனையில், அதிர்ச்சிப் படம் பார்த்த பிறகு டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் வீடியோ கேம் ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் மனதில் தானாகத் திரும்ப வருவது குறைந்தது. அந்த விளையாட்டு போனில் இலவசமாகவே கிடைக்கிறது, முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

அடுத்தது நேர்காணல். அறை நம் கையில் இருப்பதில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கதவோரம் ஒரு வார்டன், பக்கத்து அறையில் கேரம் போர்டு சத்தம். ஆனாலும் சிலவற்றை நாம் தீர்மானிக்கலாம். நமக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் உட்காரக் கூடாது. நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டால் அவனும் வேறெங்காவது பார்க்கலாம், நாமும் பார்க்கலாம். முகத்தை ஒரே மாதிரி வைத்திருக்கும் உழைப்பு பாதியாகும். ஒரு சந்திப்புக்கு 50 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே வேறு மாதிரி வேலை ஒன்று இருக்கட்டும். முடிந்த உடனே 15 நிமிடம் குறிப்பு எழுதுவதற்கு. குறிப்பை மாலைக்குத் தள்ளினால் அதை எழுத முழு உரையாடலையும் மனதில் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். அது தேவையில்லாத இரண்டாவது அடி.

முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. "நீ சொல்றதுல பெரும்பகுதி எனக்கும் உனக்கும் நடுவுலதான் இருக்கும். ஆனா இந்த அறிக்கை குழுமத்துக்குப் போகும். இன்னொரு குழந்தைக்கு நடந்திருக்கு, நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சா நான் சொல்லியே ஆகணும்." போக்சோ பிரிவு 19 அப்படித்தான் சொல்கிறது, சொல்லாமல் மறைத்தால் பிரிவு 21-இன் கீழ் நமக்கே தண்டனை உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டவர்கள், நடுவில் அவன் இரண்டாவது குழந்தையைப் பற்றி வாய்திறக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். தகவல் கொடுத்தால் துரோகம் செய்தது போல, கொடுக்காவிட்டால் குற்றம் செய்தது போல ஒரு இடுக்கு. ஆரம்பத்திலேயே அந்த மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த இடுக்கே இல்லை.

உணர்ச்சி மூன்று பக்கம் இழுக்கும். அருவருப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அதன் அடையாளம் கோபம் மட்டுமல்ல. கேள்விகள் சுருங்கிப்போவது, சந்திப்பைச் சீக்கிரம் முடித்துக்கொள்வது, அவன் குடும்பத்தைப் பற்றிக் கேட்காமலே விடுவது இவையும் அருவருப்புதான். இரண்டாவது பரிதாபம். விசாரிக்க விசாரிக்க அவனே சிறுவயதில் அடிபட்டவன் என்று தெரியவரும்போது குற்றம் மங்கலாகிவிடும், பாதிக்கப்பட்ட குழந்தை காட்சியிலிருந்தே நழுவிவிடும். மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை: பிடித்துப்போவது. குழந்தையின் நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தெரிந்த ஆளுக்கு நம் நம்பிக்கையைச் சம்பாதிக்கவும் தெரியும். "மேடம், இத்தன பேர் பேசினாங்க, நீங்க ஒருத்தர்தான் மனுஷனா மதிச்சுப் பேசுறீங்க." அல்லது, "சாருக்குச் சொந்த ஊர் எது?" இந்த ஊர்க் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும், சாதி பொருந்திவிட்டால் அடுத்த சந்திப்பில் உறவுமுறை வரும், அதற்கடுத்து போன் நம்பர் கேட்கப்படும். எல்லோருக்கும் ஒரே பதில் வைத்துக்கொள்வது நல்லது: "என்னப் பத்தி இங்க பேச வேண்டாம், உன்னப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்." சொல்லும்போது சிரிக்கலாம், தவறில்லை.

வாக்குமூலம் வாங்கும் வெறி இந்த மூன்றையும் விட அதிகக் கெடுதல் செய்கிறது. "ஆமாம், செய்தேன், தப்புதான்" என்று அவன் வாயால் கேட்டால்தான் நம் மனம் ஆறும். ஆனால் அந்த ஆறுதல் நமக்கானது. முதல்கட்ட மதிப்பீடு விசாரணை அல்ல என்று பிரிவு 15-இன் விளக்கமே தெளிவாகச் சொல்கிறது. தண்டனை பெற்ற பெரியவர்கள் விஷயத்திலும், ஹான்சன், மார்ட்டன்-பர்கன் என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்து 2005-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், குற்றத்தை மறுப்பதற்கும் பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கம் இல்லாததற்கும் மறுகுற்றத்தோடு பெரிய தொடர்பு தெரியவில்லை. மாறுபட்ட பாலியல் ஈர்ப்பும் சட்டத்தை மதிக்காத வாழ்க்கைப் போக்கும்தான் முக்கியக் காரணிகளாக வந்தன. அவன் அழவில்லை என்பதால் ஆபத்தானவன் என்றோ, அழுதான் என்பதால் திருந்திவிட்டான் என்றோ எழுத நமக்கு ஆதாரம் இல்லை. இதை மனதார ஏற்றுக்கொண்ட பிறகு பலருக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு சந்திப்பும் மல்யுத்தமாக இருப்பது நிற்கிறது.

இங்கே பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்நாட்டுச் சிறைகளில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்று குழுவாக நடத்தப்பட்டது. குற்றத்தை விவரமாகச் சொல்ல வைப்பது, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தன்னை வைத்து நடிக்க வைப்பது எல்லாம் அதில் உண்டு. நடத்திய ஊழியர்கள் வருடக்கணக்கில் அந்த விவரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2017-இல் நீதித்துறை அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீட்டில், திட்டத்தில் கலந்துகொண்ட 2,562 பேரில் 10.0 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். கலந்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் 8.0 சதவீதம். திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஹொரைசன் திட்டத்தில் சேர குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. கேட்டவர்கள் பட்ட பாட்டுக்கு என்ன பலன் என்ற கேள்வி அங்கே பலரை உலுக்கியிருக்கும். நமக்கு இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. விவரம் விவரமாகக் குற்றத்தைக் கேட்பது சிகிச்சைக்கு அவசியம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. இன்னொன்று, இரண்டு குழுவிலும் பெரும்பாலானோர் பதிவான மறுகுற்றம் செய்யவில்லை. "இவனுங்க எல்லாம் வெளிய வந்தா மறுபடி அதேதான்" என்ற பேச்சு நம் அலுவலகங்களில் தினமும் புழங்குகிறது. அது களைப்பு பேசுகிற பேச்சு.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. காலையில் ஒரு 'லவ் கேஸ்': 19 வயது பையன், 17 வயதுப் பெண், இருவரும் ஊரைவிட்டுப் போனார்கள், பெண் கர்ப்பம், அப்பா புகார். கர்ப்பம் என்பதால் போக்சோ பிரிவு 5, 6. குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. மதியம் சொந்த மகளிடமே நடந்துகொண்ட தகப்பன். அதே பிரிவு 5, 6, அதே 20 ஆண்டு. ஒரே நோட்டில் ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் எழுத வேண்டும். சட்டம் ஒன்றாகப் பார்க்கிற இரண்டை மனம் ஒன்றாகப் பார்க்காது. காலையில் மிச்சமான இரக்கம் மதியத்து ஆளுக்குப் போய்ச் சேரும், அல்லது நேற்றைய கோபம் இன்றைய பையன் தலையில் விடியும். சென்னை உயர் நீதிமன்றமே 2019-இலும் 2021-இலும் இந்த இளவயதுக் காதல் வழக்குகளைப் பற்றிக் கவலை தெரிவித்திருக்கிறது. ஆற்றுப்படுத்துநர் தனியாகத் தீர்த்துவிடக் கூடியது அல்ல இது. முடிந்தால் இரண்டு வகையையும் வெவ்வேறு நாட்களில் வையுங்கள். முடியாவிட்டால் முதலாவதன் குறிப்பை முழுக்க எழுதி மூடிவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

இனி அறிக்கை. நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கைக்குச் சட்டம் தரும் அவகாசம் இரண்டு வாரம், முதல்கட்ட மதிப்பீட்டை முடிக்க மூன்று மாதம். அவசரம் எப்போதும் இருக்கும், ஆனாலும் எழுதிய அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஓர் இரவு கழித்து, சிவப்பு மையில் அடைமொழிகளை மட்டும் வட்டமிடுங்கள். "குற்ற உணர்வே இல்லாத, தந்திர மனம் படைத்த சிறுவன்" என்று முந்தின நாள் எழுதியிருப்போம். அதில் நாம் கண்ணால் பார்த்தது என்ன? "சம்பவம் பற்றி மூன்று முறை கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. தலை குனிந்திருந்தான். அம்மா பார்க்க வருவாரா என்று இரண்டு முறை கேட்டான்." இரண்டாவது வடிவம்தான் குழுமத்துக்குப் பயன்படும். பரிதாபமும் இதே சோதனையில் மாட்டும்: "சூழ்நிலையின் கைதி", "அப்பாவித்தனமான முகம்". முகத்தை வைத்து அறிக்கை எழுதுவது எந்தப் பக்கமானாலும் தப்பு. சக ஊழியர் ஒருவர் பெயர் மறைத்த வரைவைப் படித்து, "இத எழுதினவர் இந்தப் பையன் மேல கோபமா இருக்காரா, பாசமா இருக்காரா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் அறிக்கை சரியாக வந்திருக்கிறது.

பேசித் தீர்ப்பது எப்படி? டீக்கடையில் நின்று, "இன்னைக்கு ஒரு கேஸ் வந்துச்சு பாருங்க" என்று தொடங்கி முழுதும் கொட்டுவது நம் வழக்கம். கொட்டியவருக்கு இறங்கும், கேட்டவருக்கு ஏறும். கனடாவின் மனநல ஆலோசகர் பிரான்சுவாஸ் மத்தியூ பரவலாக்கிய முறை எளிது. எவ்வளவு சொல்லப்போகிறோம் என்று முதலில் நமக்குள் முடிவு செய்வது, எதிராளியை எச்சரிப்பது, சம்மதம் கேட்பது, அளவோடு சொல்வது. நம் பேச்சில் அது இப்படி வரும்: "ஒரு கேஸ் பத்திப் பேசணும், கொஞ்சம் கனமானது. இப்பக் கேக்க முடியுமா, சாயங்காலம் பேசலாமா?" பிறகு சம்பவத்தைச் சொல்லாமல், அது நமக்கு என்ன செய்தது என்பதை மட்டும் சொல்வது. மாவட்ட அளவில் முறையான மேற்பார்வை பெரும்பாலும் இல்லை. மேலதிகாரி கேட்பது எண்ணிக்கை. பக்கத்து மாவட்டங்களில் இதே வேலையில் இருக்கும் மூன்று பேர் சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 45 நிமிடம் போனில் பேசுவது நடைமுறையில் நிற்கிறது. பெயர், ஊர், பள்ளி எதுவும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் எழுதவும் கூடாது, வாய்ஸ் நோட்டும் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ பிரிவு 23, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 இரண்டின்படியும் குற்றம்.

துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோமே, அப்படி ஒரு எல்லைக்கோடு இந்த வேலைக்கும் வேண்டும். ஆபீஸ் உடையை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குவது என்று வைத்துக்கொண்டவர்கள் அது உதவுவதாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்குள் இந்த வேலை புகும் வழிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. பெண்களுக்கு வாட்ச்மேன், டியூஷன் சார், மாமனார் மடி என்று எல்லா இடத்திலும் கண் ஓடும். ஆண்களுக்குத் தன் கையே சந்தேகமாகிவிடும். அக்கா பிள்ளையைத் தூக்கக் கூசும், மகளைக் குளிப்பாட்டுவதை மனைவியிடம் தள்ளிவிடுவார்கள். தாம்பத்தியத்தில் விருப்பம் குறைவதும் சகஜம். இதைத்தான் வெளியே சொல்ல அதிகம் வெட்கப்படுகிறார்கள், துணைக்கோ காரணம் புரியாமல் வேறு அர்த்தம் தோன்றிவிடும். விவரம் சொல்லாமலே, "கேஸ் மனசுல ஓடுது, உன் மேல ஒண்ணுமில்ல" என்ற அளவுக்காவது சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கனமான கோப்பு படித்த அன்றைக்குப் புது விதி போடக் கூடாது. அன்றைக்குப் போடும் விதி பிள்ளைக்குப் பயத்தைக் கொடுக்குமே தவிரப் பாதுகாப்பைக் கொடுக்காது.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குப் ப்ரோகுவால் என்ற இலவசக் கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த 30 நாளைப் பற்றி 30 கேள்வி. வேலையில் நிறைவு, எரிந்துபோதல், பிறர் துயரத்தால் வரும் அழுத்தம் என மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் 22 வரை குறைவு, 42-உம் அதற்கு மேலும் அதிகம். இது நோய் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. ஒரு முறை போட்டுப் பார்த்துப் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டு எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். மேலதிகாரி கையில் கொடுக்க வேண்டாம். நிறைவு எண் இறங்காமல் மற்ற இரண்டும் ஏறுகிறவர்கள் இந்த வேலையில் நிறைய உண்டு. வேலை பிடித்திருப்பதாலேயே தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கேள்வித்தாள் இல்லாமலும் தெரிகிற அடையாளம் ஒன்று: கேஸ்களுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பது. கொஞ்ச நாள் அது தாங்குகோல். ஆறு மாதமாக அதுவே பேச்சு என்றால் கவனிக்க வேண்டும். ஒரே காட்சி ஒரு மாதத்துக்கு மேல் தானாக வந்துகொண்டிருந்தாலோ, இரவில் குடித்தால்தான் தூக்கம் என்றானாலோ தள்ளிப்போடக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமே என்று மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு இது வசதி.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. "இந்தக் கேஸ் எனக்கு வேண்டாம்" என்று ஊழியர் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றிக்கொடுங்கள். கைக்குழந்தை இருக்கலாம், அவருக்கே சிறுவயதில் ஏதாவது நடந்திருக்கலாம். காரணம் சொன்னால்தான் மாற்றம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், அறிக்கைதான் விலை கொடுக்கும்.

கடைசியாக, சம்மன். முடிந்துவிட்டது என்று நினைத்த வழக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து சாட்சிக்கூண்டுக்கு அழைக்கும். அதற்காகப் பழைய கோப்பு முழுவதையும் மறுபடி படித்து, மறந்துபோனதையெல்லாம் புதிதாக ஏற்றிக்கொள்கிறவர்கள் பலர். நம் அறிக்கையையும் நம் குறிப்பையும் மட்டும் படித்தால் போதும். 164-ஐப் பற்றி நம்மிடம் கேட்டால், அது நாங்கள் பதிவு செய்தது அல்ல என்பதே பதில். அரசு வக்கீலிடம் முந்தின நாளே பேசி, எதைப் பற்றிக் கேள்வி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு வேறு நேர்காணல் எதுவும் வைக்க வேண்டாம். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்பி வைத்தால், கேஸ் கூப்பிடும்போது மணி நாலே முக்கால் ஆகியிருக்கும்.